ஒருத்தி யாரென்று தேடியவர்கள்

திண்டிவனம் தாலுகா ஆபீஸ் எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. பெயர் திருமுருகன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லப்போவது என்னைப் பற்றி இல்லை. என் கடை வாசலில் மேசை போட்டு மனு எழுதுகிற புனிதாவைப் பற்றி.

புனிதாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சொந்த ஊர் வளவனூர் பக்கம், காலனி. அப்பா அம்மா இரண்டு பேரும் நெல்லுக்கும் கரும்புக்கும் கூலி வேலை செய்தவர்கள். கணவர் சென்னையில் லாரி ஓட்டுகிறார், மாதம் ஒருமுறை வருவார். மகள் ஆர்த்தி பிளஸ் டூ. ரயில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீடு கிடைக்க ஏழு மாதம் அலைந்தார். ஏன் ஏழு மாதம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கடைசியில் கிடைத்த வீட்டுக்கார அம்மா எதுவும் கேட்கவில்லை, இவரும் எதுவும் சொல்லவில்லை. மாதா படத்தைப் பீரோவுக்குள் வைத்து, கதவைத் திறந்து கும்பிட்டுவிட்டு மூடிவிடுவார்.

ஓர் இடத்தில் உட்காராத பெண்மணி. உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் என் கடைக் கண்ணாடி ஆடும். அதனால் பாதி மனுக்களை நின்றுகொண்டேதான் எழுதுவார். திங்கட்கிழமை மட்டும் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விடுவார், அன்றைக்கு அங்கே குறைதீர்க்கும் நாள். அந்த ஒரு நாள்தான் என் கண்ணாடிக்கு ஓய்வு.

மனு கொடுக்க வருகிறவர்களிடம் சர்வே நம்பர் என்ன என்று கேட்டால், கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். மற்ற எழுத்தர்கள் நம்பரை மட்டும் சொல்லு என்று வெட்டிவிடுவார்கள். புனிதா வெட்டமாட்டார். முழுக்கக் கேட்பார். கேட்டுவிட்டு நான்கு வரி எழுதுவார். அந்த நான்கு வரியையும் ‘நான்’ என்றுதான் எழுதவேண்டும். நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன், நான் கணவரை இழந்தவள், நான் கூலி வேலை செய்து பிழைக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேருடைய ‘நான்’ அவர் பேனாவில் வந்து போகும். எழுதாமல் விட்ட மிச்சக் கதையெல்லாம் எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

போன ஆடியிலிருந்து விழுப்புரத்தில் வருகிற ஒரு மாத இதழில் ‘ஒருத்தி’ என்ற பெயரில் கட்டுரைகள் வர ஆரம்பித்தன. ஆனந்தராஜ் என்று ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் நடத்துகிற இதழ். ஐநூறு பிரதி அடித்து அதில் இருநூறைக் கயிறு போட்டுக் கட்டி வீட்டில் அடுக்கி வைத்திருப்பார். என் சொந்த வாழ்க்கையை எழுதுகிறேன், ஊரையும் பேரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன் என்று முதல் கட்டுரையிலேயே சொல்லிவிட்டுத்தான் ஒருத்தி ஆரம்பித்தாள்.

அது புனிதா என்று நான் கண்டுபிடித்தது மூளையால் இல்லை, வயிற்றெரிச்சலால். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என் மெஷின் இருக்க, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஸ்டாண்டு வரை வெயிலில் நடந்துபோய் வேறு கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். பதினோரு வருஷப் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்று எனக்கு வேகம் வந்துவிட்டது. அந்தக் கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கையால் எழுதின கதை மாதிரி இருந்தது, கவர் வாங்கி விழுப்புரத்து விலாசம் எழுதினார் என்றான். இதழை வாங்கிப் படித்தேன். மூன்றாவது பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கோபம் வருகிற இடத்தில் எல்லாம் ஒருத்தி மனு எழுதுகிற மாதிரி நிதானமாகிவிடுகிறாள். எனக்குத் தெரியும் என்று நான் புனிதாவிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஒளித்துவைத்தவரே சொல்லட்டும் என்று ஒரு வீம்பு.

நான்காவது கட்டுரை மாசி மாதம் வந்தது. அதுதான் வினையாயிற்று. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒருத்திக்கு ஒன்பது வயது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்ந்துவிட்டுப் பெண்கள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, நிலக்காரர் வரப்பில் நின்றுகொண்டு ஒருத்தியின் அம்மாவை மட்டும் நிறுத்தி, மடியை உதறிக் காட்டச் சொல்கிறார். அத்தனை பேர் முன்னாலும் அம்மா உதறுகிறாள். ஒன்றும் விழவில்லை. ஒன்றுமே விழாததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை என்று எழுதியிருந்தாள்.

இரண்டாவது, அவள் பெரியவளான பிறகு நடந்தது. ஒரு விடியற்காலையில் அம்மா கட்டிலில் இறந்து கிடப்பதைப் பார்க்கிறாள். முந்தின நாளிலிருந்து பட்டினி. சாவு என்று குரல் கொடுத்துவிட்டால் பிணம் எடுக்கிறவரை அடுப்பு எரியாது, வாயில் எதுவும் வைக்கமுடியாது. சட்டியில் இருந்த கேப்பைக் கூழைக் கரைத்துக் குடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அப்புறம்தான் மாரில் அடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறாள். 

யாரோ அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இரண்டே நாளில் அது மாவட்டம் முழுக்கச் சுற்றியது. ஐநூறு பிரதிக்கே ஆள் தேடிக்கொண்டிருந்த ஆனந்தராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே இன்னொன்றும் ஆரம்பித்தது. யார் இந்த ஒருத்தி? டீக்கடையில், தாலுகா ஆபீஸ் வராந்தாவில், கல்யாண வீட்டுப் பந்தியில் இதே பேச்சு. நம் ஆட்களுக்கு ஒருவர் எழுதியதைப் படிப்பதைவிட, எழுதியவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடிப்பதில்தான் ருசி. நானும் அந்த ரகம்தான், மறுக்கவில்லை.

பெரியசாமி என் மனைவிக்குச் சித்தப்பா மகன். பெருமுக்கல் தாண்டி ஓர் ஊரில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிறான். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், பெயர் கண்டுபிடிக்கப் போய்த்தான் இத்தனையும். பங்குனி பிறந்த வாரம் ஊர்க்காரர்கள் இரண்டு பேருடன் என் கடைக்கு வந்தான். போனில் இருந்த பக்கங்களைப் பெரிதாகப் பிரின்ட் போடச் சொன்னான். கவுன்டர்மேல் விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் கோடு போட ஆரம்பித்தான்.

ஊருக்கு மேற்கே கல்மலை, மலைமேல் கோயில். அப்படியென்றால் பெருமுக்கல். மலை மேற்கே தெரிகிறதென்றால் நம் ஊர்தான். நீலப் பெயின்ட் அடித்த மோட்டார் கொட்டகை எங்கள் கொட்டகைதான். தலையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிறவர் என் அப்பா. இடது காது அறுந்தவள், மேற்குச் சுவர் சரிந்த வீட்டில் இருக்கிறவள், அம்மாவைப் பங்குனியில் பறிகொடுத்தவள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் முனியம்மா என்றார்கள். அவர்கள் ஊர்க் காலனியில் இருக்கிற கூலிக்காரப் பெண்மணி, அந்த ஊருக்குப் போய்வந்ததில் எனக்கும் தெரிந்தவர்.

ஒருத்தி ஏழாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினாளே, முனியம்மாளுக்கு எழுத்தே தெரியாதே என்றேன். அது கற்பனை என்றார்கள். கோயில் மணி எத்தனை அடித்தது என்று எண்ணிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள் என்று வருகிறதே, உங்கள் காலனியில் மணி ஏது என்றேன். அதுவும் கற்பனை. ஒத்து வந்ததெல்லாம் ஆதாரம், ஒத்து வராததெல்லாம் கற்பனை. இப்படித் தேடினால் என் மனைவியைக்கூட ஒருத்தி என்று நிரூபித்துவிடலாம்.

“அவ சொல்ல வேற எவனோ எழுதிக் குடுத்திருக்கான் மாமா,” என்றான் பெரியசாமி. “எழுத வராதுன்னா சொல்லக்கூடவா வராது? செத்துப்போன எங்கப்பாவ இப்படி ஊரு சிரிக்க வெச்சிட்டாளே.”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அது நடிப்பு இல்லை. அவன் அப்பாவை எனக்கும் தெரியும். அதட்டிப் பேசாத மனிதர்.

இவ்வளவும் நடக்கும்போது புனிதா ஆறடி தள்ளி ஒரு முதியோர் உதவித்தொகை மனுவை எழுதிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது பேனா நின்றிருந்தது. அதைவிட, கால் நின்றிருந்தது. பதினோரு வருஷத்தில் அந்தக் காலை நான் அசையாமல் பார்த்தது அன்றுதான். முனியம்மாள் இல்லை என்று எனக்குத் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். சொல்லாவிட்டால் ஒரு கூலிக்காரப் பெண்மணி மாட்டுவார். நான் வாயை மூடிக்கொண்டு, அவன் கேட்டபடி ஆறு காப்பி எடுத்துக் கொடுத்தேன். என் நீள வாய் வேண்டிய நேரத்தில் வேலை செய்யவில்லை.

அவர்கள் போனதும் புனிதா கடைக்குள் வந்து நின்றார்.

“உங்களுக்குத் தெரியும்தானேண்ணா,” என்றார்.

தெரியும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னார். முனியம்மாள் தை மாதம் வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு எழுத வந்தவர். வீடு அம்மா பெயரில் இருந்ததால், அம்மா எந்த வருஷம் தவறினார்கள் என்று புனிதா கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில்தான் கூழ்க் கதை வெளியே வந்தது. மனுவில் அதற்கு இடம் இல்லை. புனிதாவின் தலையில் இடம் இருந்தது. தன் வீட்டில் நடந்ததை எழுத உட்கார்ந்தபோது ஊரை மறைக்கவேண்டியிருந்தது. நெற்பயிரை மல்லாட்டை ஆக்கினார், வளவனூரைப் பெருமுக்கல் ஆக்கினார், தன் முழுக் காதை அறுந்த காது ஆக்கினார். மடி உதறியது புனிதாவின் அம்மா. கூழ் குடித்தது முனியம்மாள். போர்த்திக்கொள்ள ஒன்று வேண்டியிருந்தது, கைக்குக் கிடைத்தது அந்தம்மாவின் புடவை.

“என் ஊர எழுதினா என்னப் புடிச்சிடுவாங்கன்னு பயந்துக்கினு மாத்துனேன்ணா. அவங்களப் புடிப்பாங்கன்னு தோணவே இல்ல. அவங்களுக்குத்தான் எழுதவே தெரியாதே.”

எனக்கு வந்த கோபத்தில் கத்தியிருப்பேன். கத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெஷினைத் துடைத்தேன்.

அடுத்த பத்து நாளில் செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. மல்லாட்டை அறுவடை தொடங்கிவிட்டது. முனியம்மாளை மட்டும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் வீட்டுக்கு மேற்கே இருப்பது பெரியசாமியின் நிலம். பட்டாவுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருவதாக முன்பு ஒத்துக்கொண்டவன், இப்போது நான்கு அடி என்னுடையது என்று எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். சர்வேயர் வருகிற புதன்கிழமை இடம் பார்க்க வருகிறார். இதெல்லாம் போகட்டும். அந்தம்மாவின் தெருவிலேயே பெண்கள், பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூழ் குடித்தவள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

புனிதா ஓர் இடத்தில் நிற்கமுடியாமல் தவித்தார். ஆபீஸ் வாசலுக்கும் டீக்கடைக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். ஒருவருடைய மனுவில் இன்னொருவருடைய பெயரை எழுதிவிட்டு, கிழித்துப்போட்டு மறுபடி எழுதினார். தான்தான் ஒருத்தி என்று சொல்லிவிட்டால் முனியம்மாள் தப்பித்துவிடுவார். ஆனால் கட்டுரையில் காலனி இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவும் படித்திருந்தார். யாரோ பாவம், என்னமாய் எழுதியிருக்கிறாள் என்று புனிதாவிடமே சொல்லியிருந்தார். பாவப்பட்டவள் தன் மாடியில் குடியிருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தப் பாவம் எத்தனை நாளைக்கு நிற்கும்? ஆர்த்திக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேப்பர் பாக்கி. அது முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். புதன்கிழமைக்குள் முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை நானும் கடையைச் சாத்திவிட்டு அவருடன் விழுப்புரம் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஆனந்தராஜைப் பார்த்து, முனியம்மாள் இல்லை என்று ஒரு மறுப்புப் போடச் சொன்னார். அந்த மனிதர் காபி கொடுத்து உபசரித்தார். ஓர் எழுத்தாளர் யாரென்று ஊரே தேடுகிறதென்றால் அதுதான் எழுத்தின் வெற்றி என்றார். ஒவ்வொரு ஊரும் இது எங்கள் ஊர் என்கிறதே, அதைவிட என்ன வேண்டும் என்றார். அடுத்த இதழில் ‘கட்டுரையில் வருவோர் எவரையும் குறிப்பதல்ல’ என்று ஒரு வரி போடலாம், ஆனால் அடுத்த இதழ் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றார். புனிதா காபியைத் தொடவில்லை. எனக்கு அந்தாளை நாலு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது. ஆறு காப்பி எடுத்துக் கொடுத்தவன் எந்த முகத்தோடு கேட்பது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முனியம்மாளே வந்துவிட்டார்.

அறுபதைத் தாண்டிய வயது, ஒட்டிப்போன உடம்பு, இடது காது கீழே இரண்டாகப் பிளந்து தொங்கியது. யாரிடம் போவது என்று தெரியாமல், போன தடவை பொறுமையாகக் கேட்டு எழுதிக் கொடுத்தவரிடமே வந்திருந்தார். நான் இதை எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒரு மனு வேண்டும். அதைப் பெரியசாமியிடமும் தாசில்தாரிடமும் கொடுக்கவேண்டும். இதுதான் அந்தம்மா கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற புனிதாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை.

மனு எழுதுவதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டார் முனியம்மாள். ஊரெல்லாம் படித்துவிட்டது, எனக்கு மட்டும் யாரும் படித்துக் காட்டவில்லை, அதில் அப்படி என்னதான் இருக்கிறது, படி என்றார்.

என் கடையிலேயே ஒரு பிரதி கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். புனிதா நின்றுகொண்டே படித்தார். மலை வந்தது, மோட்டார் கொட்டகை வந்தது, காது வந்தது. முனியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். மடி உதறுகிற இடத்தில், இது எனக்கு நடந்ததில்லையே என்பது போல லேசாக நெற்றியைச் சுருக்கினார். கூழ் வந்தது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்த இடத்தில் புனிதா தாளை இறக்கிவிட்டார்.  தாலுகா ஆபீஸ் வாசலில் ஆட்டோக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இத நான் என் புருஷங்கிட்டகூட சொன்னது இல்ல,” என்றார் கடைசியில். “உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். இதே எடத்துல நின்னுக்கினு.”

அவ்வளவுதான். படித்தவர்கள் பத்து நாள் சிவப்புப் பேனா வைத்துத் தேடிக் கண்டுபிடிக்காததை, எழுத்துத் தெரியாத அந்தம்மா ஒரே தடவை காதால் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார்.

புனிதா அழவில்லை. அழுதால் அந்தம்மா சமாதானம் சொல்லவேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆமாம், நான்தான் என்றார். தப்புப் பண்ணிவிட்டேன் என்றார். முனியம்மாள் திட்டவில்லை. மனுவை எழுது, நேரமாகுது என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அன்றைக்குப் புனிதா என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார். மேசை ஆடவில்லை. புனிதா ஆகிய நான், என்று ஆரம்பித்துச் சொந்த ஊரை எழுதினார், தெருவை எழுதினார், தற்போதைய வாடகை வீட்டின் கதவு எண்ணை எழுதினார். ஒருத்தி என்ற பெயரில் எழுதுவது நான். மடி உதறிய சம்பவம் என் தாயாருக்கு எங்கள் ஊரில் நடந்தது. கூழ் குடித்ததும் நான். முனியம்மாளிடம் கேட்காமல் அவருடைய ஊர் அடையாளங்களையும் உடல் அடையாளத்தையும் எடுத்துப் போட்டுக்கொண்டது என் தவறு. அவருக்கும் இந்தக் கட்டுரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கீழே முழுக் கையெழுத்துப் போட்டார். கூழ் விஷயத்தில் அவர் பொய் எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை அந்தம்மாவுக்காக எழுதுகிறார் என்றும் தெரியும்.

நான் பெரியசாமிக்குப் போன் போட்டேன். எழுதினவர் என் கடையில் இருக்கிறார், உடனே வா என்றேன். அரை மணி நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முனியம்மாளைப் பார்த்ததும் முகம் கடுத்தது. நான் தாளை நீட்டினேன். நான்தான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. தாளை இரண்டு தடவை படித்தான். படிக்கப் படிக்க அவன் தோள் இறங்கியது. அப்பா இல்லை. எங்கள் வரப்பு இல்லை. வளவனூர் பக்கத்தில் எவனோ. புனிதாவை நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்க நினைத்து, விட்டுவிட்டான். அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

பிறகு முனியம்மாள் பக்கம் திரும்பினான். அவனுக்கு நாற்பத்தெட்டு, அந்தம்மாவுக்கு அறுபத்து மூன்று. நீ என்றுதான் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான் பேசினார்.

“சரி முனியம்மா, தப்பா நெனச்சிட்டேன். நாளைக்கி சர்வேயர் வந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நீயே உன் வாயால சொல்லு. எங்கப்பா என்னிக்காவது உங்கள்ல யாரையாவது மடி உதறச் சொல்லியிருக்காரா?”

இல்லை என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். வீடு, பட்டா, அறுவடை வேலை எல்லாம் அந்தத் தலையாட்டலில் இருந்தது. ஆட்டிவிடு தாயே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

“பெரியவரு சொன்னதே இல்லீங்க,” என்றார் முனியம்மாள். பெரியசாமி முகம் மலர்ந்தது. “அவரு வரப்புல வந்து நின்னாருன்னா, நாங்களே உதறிட்டுத்தான் போவோம்.”

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பெரியசாமிக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. சின்ன வயதில் அவனும் அந்த வரப்பில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான், பார்த்திருப்பான், எதற்கு உதறுகிறார்கள் என்று கேட்டிருக்கமாட்டான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் வெளியே போனான். வண்டி ஸ்டார்ட் ஆக நாலு தடவை உதைத்தான்.

 புதன்கிழமை சர்வேயர் வந்தார். பெரியசாமி வரவில்லை. ஆட்சேபணை எழுதிக் கொடுக்கவும் இல்லை, ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. சங்கிலி பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்கு அவன் இன்னும் வரவில்லை. என் மனைவி இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

அந்தத் தாளைப் பெரியசாமி வைத்துக்கொண்டாலும் செய்தி நிற்கவில்லை. வெள்ளிக்கிழமையே ரயில் ஸ்டேஷன் தெருவுக்குப் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா ரொம்ப மரியாதையாகத்தான் பேசினாராம். மகனுக்குக் கல்யாணம் பார்க்கிறோம், மாடி தேவைப்படுகிறது, பொண்ணு பரீட்சை முடிகிறவரை இருந்துகொள்ளுங்கள் என்றாராம். மகனுக்குப் பதினாறு வயது. புனிதா மாதா படத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, போகிறவரை கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து முனியம்மாள் வந்தார். பட்டா கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னாராம். அறுவடைக்குப் பெரியசாமி கூப்பிடவில்லை, பக்கத்து ஊரில் வேலை கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். புனிதா அப்போது இதழுக்கு அனுப்பவேண்டிய விளக்கத்தைச் சுத்தமாக எழுதி முடித்திருந்தார். ஆனந்தராஜ் வேண்டாம் என்று கெஞ்சியும், இனிமேல் சொந்தப் பெயரில்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டார். கேட்காமல் எடுத்து ஒரு தடவை பட்டது போதும் என்று, இதை அனுப்பட்டுமா என முனியம்மாளுக்குப் படித்துக் காட்டினார். ஊர் வந்தது, தெரு வந்தது, மடி வந்தது. அந்தக் காலையில் கூழைக் குடித்தவளும் நானே என்று வந்தது.

முனியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். அது ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டார். உங்கள் தெருவில் பேசுகிறார்களே, அதனால்தான் என் பெயரில் போட்டிருக்கிறேன், என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும் என்றார் புனிதா. 

“பேசுறவங்க பேசிட்டுப் போறாங்க. அன்னிக்கிப் பசிச்சது எனக்கு. செத்தது எங்கம்மா. அத நீ வெச்சிக்காத, என் பேரப் போடு.”

புனிதா அந்த வரியை அடித்துவிட்டு, மேலே முனியம்மாள் என்று எழுதினார். எழுதிய இடத்தை அந்தம்மா விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். புனிதா அவர் விரலைப் பிடித்து அந்தப் பெயரின்மேல் வைத்தார்.